எங்கள் வீட்டுப் பாதுகாப்புக் கொள்கை

எங்கள் வீட்டு வாசலில், செருப்புத் தட்டுக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு நீலப் பை எப்போதும் இருக்கும். சிட்னியில் இந்த டூங்கபிக்குக் குடிவந்த நாளில் அதை அங்கே வைத்தேன், இன்றும் அங்கேதான் இருக்கிறது. உள்ளே பாஸ்போர்ட்டுகள், பிறப்புச் சான்றிதழ்கள், குடியுரிமைப் பத்திரங்கள், என் பட்டச் சான்றிதழ், கொஞ்சம் நகை, மாற்றுடுப்பு, டோர்ச் லைட், ஒரு பக்கற் பிஸ்கட். எல்லாம் மழை படாதபடி பிளாஸ்டிக் உறைகளுக்குள். பிஸ்கட்டை மட்டும் காலாவதியாகுமுன் எடுத்துத் தேநீரோடு சாப்பிட்டுவிட்டுப் புதிதாக வைப்பேன்.

முதல்முறை வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு எங்கே பயணம் என்று கேட்பார்கள். எங்கள் ஊர்ச் சனம் கேட்காது. அவர்களில் பலருடைய வீட்டிலும் அப்படி ஒரு பை உண்டு. நாகரிகம் தெரிந்தவர்கள் அதை அலுமாரிக்குள் வைத்திருக்கிறார்கள், நான் வாசலில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் கணவர் திருச்சிக்காரர். அவர் வாழ்க்கையில் வீட்டை விட்டு ஓடியது ஒரே ஒரு தடவை, அதுவும் கணக்குப் பரீட்சைக்குப் பயந்து மாமா வீட்டுக்கு. கல்யாணமான புதிதில் பையைப் பார்த்து, "என்னம்மா இது, பிரசவத்துக்குப் போற மாதிரி எப்பவும் ரெடியா பை வச்சிருக்க?" என்று சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. மறுநாள் நானே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, போருக்குத் தப்பி மழையில் ஊரே நடந்த கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு வீட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் பையைத் தூக்கி, அடியில் இருக்கிற தூசியை எடுத்து, அதே இடத்தில் பிடி வெளிப்பக்கம் பார்க்கும்படி வைத்துவிடுகிறார். பிடி வெளிப்பக்கம் இருந்தால்தான் ஓடும்போது கை தேடாது என்று நான் அவருக்குச் சொன்னதில்லை. அவராகவே கண்டுபிடித்தது. இந்த மனிதரைக் கட்டியது நல்லதாகப் போயிற்று என்று நான் நினைக்கிற நேரங்களில் அதுவும் ஒன்று.

வீட்டில் இப்படிப் பாதுகாப்பு ஏற்பாடு செய்கிற எனக்கு வெளியில் தொழிலும் அதுதான். பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் படிப்பிக்கிறேன். நிரந்தர வேலை கிடையாது, தவணைக்குத் தவணை ஒப்பந்தம். ஆனாலும் சின்ன நாடுகள் பற்றிய பாடத்தை என்னிடமிருந்து பறிக்க யாரும் ஆசைப்பட்டதில்லை. பெரிய நாடுகளைப் படிப்பிக்கத்தான் போட்டி.

ஒவ்வொரு தவணையையும் ஒரே கேள்வியோடு தொடங்குவேன். அளவிலும் வசதியிலும் அமைந்த இடத்திலும் ஒன்றுபோல இருக்கிற இரண்டு சின்ன நாடுகள், தங்களைக் காத்துக்கொள்ள ஏன் வேறுவேறு வழியை எடுக்கின்றன? வகுப்பில் நிறையப் பேர் தீவுகளிலிருந்து மேற்குச் சிட்னியில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் என்பதால் சமோவாவையும் தொங்காவையும் உதாரணமாக எடுப்பேன். இரண்டும் பசிபிக் தீவு நாடுகள். இரண்டிலும் சனம் கொஞ்சம், கடல் அதிகம். தொங்கா சின்னதாக ஒரு படை வைத்திருக்கிறது. சமோவாவுக்குப் படையே இல்லை, பொலிஸ் மட்டும்தான். ஆபத்து என்று வந்தால் நியூசிலாந்திடம் உதவி கேட்கலாம் என்று நட்பு ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டுவிட்டு, காரணங்களை வெண்பலகையில் எழுதிக்கொண்டே போவேன். பக்கத்தில் யார் இருக்கிறார்கள், முன்பு யார் வந்து ஆண்டார்கள், மன்னர் இருக்கிறாரா, செலவழிக்க வழி இருக்கிறதா, பழைய காயம் என்ன. இதில் எது முக்கியம் என்று பிள்ளைகள் கேட்டால், அது நாட்டைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டு நேரத்தைப் பார்ப்பதுதான் எங்கள் தொழில் இரகசியம்.

ஒரு தவணை, சமோவாப் பிள்ளை ஒருத்தி கையை உயர்த்தி, தங்களுக்கு எதற்குப் படை, தங்களுக்குத்தான் நியூசிலாந்தில் சொந்தக்காரர் இருக்கிறார்களே என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, பரீட்சையில் அப்படி எழுதிவிடாதே, 'கூட்டணி' என்று எழுது, புள்ளி கிடைக்கும் என்றேன்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் சிங்கப்பூரைப் பிடிக்கும். யாரையும் நம்பி இராமல், வீட்டுக்கு வீடு பிள்ளைகளைப் படைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, பையைக் கட்டி வாசலில் வைத்திருக்கிற நாடு. படையே வேண்டாமென்று கலைத்துவிட்ட கொஸ்தரிக்காவைப் பற்றிப் படிப்பிக்கும்போது மட்டும் என் குரலில் ஒரு எரிச்சல் வந்துவிடும். அந்த நாடு எனக்கு என் தங்கச்சியை நினைவுபடுத்தியது.

தங்கச்சி மெரிலேண்ட்ஸில் இருந்தாள். மருந்துக்கடையில் வேலை. எங்கள் வீட்டிலிருந்து காரில் போனால் ஒரு பாட்டுக் கேட்டு முடிவதற்குள் போய்விடலாம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் சிட்னி வீதிகள் அதற்கு விடாது. அவளுடைய வீட்டுப் பின்கதவு பூட்டப்பட்டு நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு லெபனான் அன்ரி அந்தக் கதவால் வந்து, குசினிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தானே தேநீர் ஊற்றிக் குடிப்பார். முன்கதவுச் சாவி ஒன்று அவரிடம், இன்னொன்று எதிர்வீட்டில். பார்சல் கொண்டுவருகிற பெடியனுக்குக்கூடப் பின்பக்கமாக வந்து மேசையில் வைத்துவிட்டுப் போகத் தெரியும். ஒருமுறை அவளுடைய கடவுச்சொற்கள் எல்லாம் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்ததைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் லெபனான் அன்ரி பயந்துபோய் எழுந்துவிட்டார்.

வாசலில் பை எதுவும் அவள் வைக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று செய்வாள். வீட்டுக்கு முக்கியமான கடதாசி எது வந்தாலும் என்னிடம் கொண்டுவந்து தருவாள். முதல் பிள்ளை பிறந்தபோது பிறப்புச் சான்றிதழ், பிறகு குடியுரிமைப் பத்திரம், பிறகு இரண்டாவது பிள்ளையின் சான்றிதழ். வாசலில் நின்றபடியே, "இதையும் உன்ர பைக்குள்ள போட்டு விடு அக்கா" என்று நீட்டிவிட்டு, அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க உள்ளே போய்விடுவாள். நான் திட்டிக்கொண்டே உறைக்குள் வைப்பேன். சோம்பேறி என்று நினைத்தேன். எங்கள் துறையில் இதற்கு ஒரு பெயர் உண்டு, அடுத்தவர் செலவில் பாதுகாப்பாக இருக்கிற நாடு என்று. அதைப் பற்றி ஒரு விரிவுரை முழுக்க நான் ஆவேசமாகப் பேசியிருக்கிறேன். பிள்ளைகள் அது ஐரோப்பாவைப் பற்றியது என்று நினைத்துக் குறிப்பெடுத்தார்கள்.

ஒரு வருடம் மழை விடாமல் கொட்டியது. எங்கள் பக்கத்து ஓடை பெருகுகிறது, தயாராக இருங்கள் என்று எல்லாருடைய கைபேசிக்கும் எச்சரிக்கை வந்தது. இத்தனை காலம் காத்திருந்த பைக்கு ஒருவழியாக வேலை வந்தது. என் கணவர் சார்ஜரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் பையோடு காரில் ஏறி இருந்தேன். நேரே மெரிலேண்ட்ஸுக்குப் போனோம். அங்கே பார்த்தால் பின்கதவு விரியத் திறந்திருக்கிறது, தங்கச்சி வடை சுட்டுக்கொண்டிருக்கிறாள், லெபனான் அன்ரி மேசையில் இருந்து வெங்காயம் வெட்டுகிறார். மழைக்கு வடை நல்லது என்றாள். எனக்கு வந்ததே கோபம். வெள்ளம் வருகிறது, உன் பாஸ்போர்ட் எங்கே, பிள்ளைகளின் பாஸ்போர்ட் எங்கே என்று கத்தினேன். அவள் எண்ணெய் வடிகிற கரண்டியால் என் தோளில் தொங்கிய பையைக் காட்டி, "அதுக்குள்ளதானே" என்றாள். பிறகு என் வாயில் ஒரு வடையை வைத்தாள். வெள்ளம் வரவில்லை. எனக்குச் சின்ன ஏமாற்றமாக இருந்தது என்பதை ஒளிப்பானேன்.

அவளை என்னால் விளங்கிக்கொள்ள முடியாமல் இருந்ததற்குக் காரணம், நாங்கள் இரண்டு பேரும் ஒரே அச்சு. ஒரே வீடு, ஒரே தாய் தகப்பன், ஒரே பள்ளிக்கூடம், வீட்டு வளவுக்குள் வெட்டிய ஒரே பதுங்குகுழி. குண்டுச் சத்தம் கேட்டு இரண்டு பேரும் ஒரே கணத்தில் எழுந்திருக்கிறோம். இப்படி இரண்டு நாடுகள் கிடைத்தால் எங்கள் துறையில் கொண்டாடுவார்கள். எல்லாம் ஒன்றாக இருக்க, முடிவு மட்டும் வேறு. எங்கே பிரிந்தது என்று கண்டுபிடிக்கிறவருக்குப் பேராசிரியர் பதவியே கிடைக்கும்.

ஊரே நடந்த அந்த நாளில்கூட நாங்கள் ஒன்றாகத்தான் நடந்தோம். அப்பா முன்னால் சைக்கிளை உருட்டினார். அரிசியும் பாத்திரங்களும் அதில் கட்டியிருந்தன. அம்மா உடுப்பு மூட்டையோடு பின்னால் வந்தார். எனக்குப் பதினைந்து வயது, தங்கச்சிக்கு ஒன்பது. புறப்படுமுன் அம்மா கடதாசிகள் இருந்த மண்ணிறப் பையை என் தோளில் மாட்டி, வாரைச் சுருக்கிக் கட்டி, என் காதுக்குள் குனிந்து, "எது போனாலும் போகட்டும், இதை விட்டிடாதை" என்றார். பிறகு தங்கச்சியின் பக்கம் குனிந்து அவளுக்கும் ஏதோ சொன்னார். மழைச் சத்தத்தில் எனக்கு அது கேட்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு அழாமல் வா என்று சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

வழி முழுக்கத் தங்கச்சி என் பையின் வாரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாள். வார் தோளை அறுத்தது. ஒழுங்காக நடவடி, கையை எடு என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். எடுக்கவே மாட்டேன் என்றாள். சனநெரிசலில் யாரோ இடித்து அவள் சேற்றில் விழுந்தபோதுகூடக் கை வாரில்தான் இருந்தது, அவளோடு சேர்ந்து நானும் சரிந்தேன். அன்றைய நடையை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தோள்வலிதான். பை ஒரு பாரம், அவள் ஒரு பாரம்.

அந்த மண்ணிறப் பை எங்கேயோ இத்துப்போயிற்று. அம்மாவும் அப்பாவும் இப்போது இல்லை. நான் இங்கே படிக்க வந்தேன், சில வருடங்களில் அவளும் வந்து சேர்ந்தாள். பை கறுப்பாகி, சாம்பலாகி, கடைசியில் நீலமாகியது. உள்ளே இருக்கிற கடதாசிகள் பெருகின.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை, தங்கச்சி குசினியில் மீன் கழுவிக்கொண்டே, தாங்கள் மெல்பேர்னுக்குப் போவதாகச் சொன்னாள். அவளுடைய கணவருக்கு அங்கே நல்ல வேலை கிடைத்திருந்தது. ஊருக்கு வெளியே, புதிதாக வீடுகள் எழும்புகிற பக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடும் பார்த்தாயிற்று. அங்கே யாரைத் தெரியும் என்று கேட்டேன். ஒருவரையும் தெரியாது, போனால் பழகலாம் என்றாள். செதிலைச் சுரண்டுகிற சத்தம் நிற்கவில்லை. நான் நல்ல விஷயம் என்று சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, செருப்புத் தட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. கதவைப் பூட்டத் தெரியாத ஒருத்தி, யாரையும் தெரியாத ஊருக்கு, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறாள். ஏதும் நடந்தால் என்னால் காரில் ஏறிப் போய்விட முடியாது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அவள் போனபிறகு இந்த ஊரில் நான் யாருக்கு அக்கா?

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பரமட்டாவுக்குப் போய், அதே நீலத்தில் புதுப் பை ஒன்று வாங்கினேன். வாரை இழுத்துப் பார்த்து, ஸிப்பைத் திறந்து மூடிப் பார்த்து, கடைக்காரப் பிள்ளைக்குப் பொறுமை போகும்வரை சோதித்துத்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து என் பையைக் கட்டிலில் கொட்டி, அவளுடைய கடதாசிகளைப் பிரித்தெடுக்கத் தொடங்கினேன். அது நினைத்த அளவு சுலபமாக இல்லை. பல வருடங்களாக ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடந்தவை. அவளுடைய பாடசாலைச் சான்றிதழ் என் பட்டச் சான்றிதழின் உறைக்குள் இருந்தது. என் கல்யாணப் பதிவுக்குப் பின்னால் அவளுடைய பிள்ளையின் தடுப்பூசி அட்டை. பிரித்து முடித்தபோது இரண்டு குவியல்கள் இருந்தன. அவளுடையதுதான் பெரிது.

என் பை இளைத்துப்போயிற்று. கணவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரொம்ப லேசா இருக்கேம்மா" என்றார்.

அவர்கள் புறப்படுவதற்கு முந்திய வாரம் புதுப் பையைக் கொண்டு மெரிலேண்ட்ஸுக்குப் போனேன். வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். பின்கதவு வழக்கம்போலத் திறந்திருந்தது. நான் பையை மேசையில் வைத்து, ஒவ்வொரு உறையிலும் என்ன இருக்கிறது என்று காட்டிக்கொண்டு போனேன். பிஸ்கட்கூட அவளுடைய பிள்ளைகளுக்குப் பிடித்ததாகப் பார்த்து வாங்கியிருந்தேன். வாசலில் வை, அலுமாரிக்குள் வைக்காதே, பிடி வெளிப்பக்கம் இருக்கட்டும் என்று சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்து, எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு பையை என் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு இது வேண்டாம் அக்கா."

நான் வெடித்துவிட்டேன். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த கடவுச்சொற்களிலிருந்து தொடங்கி, வெள்ள எச்சரிக்கையும் வடையும் வரை, மனதில் கிடந்த எல்லாவற்றையும் கொட்டினேன். எத்தனை காலத்துக்கு நான் உன் கடதாசிகளையும் சேர்த்துச் சுமப்பது என்று கேட்டேன். நீயும் நான் பார்த்ததைத்தான் பார்த்தாய், நான் நடந்த வழியால்தான் நடந்தாய், உனக்கு மட்டும் ஏன் பயம் வரவில்லை என்று கேட்டேன். வகுப்பில் ஒவ்வொரு தவணையும் கேட்கிற கேள்வியை முதல்முறையாக, பதில் தெரிய வேண்டும் என்ற தவிப்போடு கேட்டேன்.

அவள் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"அண்டைக்கு அம்மா உன்ர காதுக்குள்ள என்ன சொன்னவ?"

"பையை விட்டிடாதை எண்டு."

"எனக்கு என்ன சொன்னவ எண்டு நீ ஒருநாளும் கேக்கேல்ல."

கேட்கவில்லைதான்.

"அக்காவின்ர பைவாரைப் பிடி, என்ன நடந்தாலும் அக்காவை விட்டிடாதை எண்டு சொன்னவ. பையைப் பற்றி எனக்கு ஒண்டும் சொல்லேல்ல." அவள் மேசையில் இருந்த பையைக் காட்டினாள். "நான் இப்பவும் பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன் அக்கா. இதைப் பிரிச்சு என்ர கையில தந்தா, நான் பிறகு எதைப் பிடிக்கிறது?"

நான் அழுதேன். அழகாக அழவில்லை, மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதேன். அவளும் அழுதாள். ஒரே மழை, ஒரே வழி, ஒரே தாய். ஆனால் புறப்படுமுன் இரண்டு காதுகளுக்குள் இரண்டு கட்டளைகள். நான் என்னுடையதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அவள் தன்னுடையதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியவே இல்லை. நான் சோம்பல் என்று நினைத்தது, பொறுப்பில்லாத்தனம் என்று பல்லைக் கடித்தது, எல்லாம் அவள் என்னைப் பிடித்திருந்த பிடி. அவளுக்குப் பயம் வராமல் போகவில்லை. அவளுடைய பயத்துக்கு நான் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து லெபனான் அன்ரி ஒரு தட்டில் இனிப்போடு பின்கதவால் உள்ளே வந்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டை மேசையில் வைத்து, இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிப்பிடித்து, தானும் கொஞ்சம் அழுதுவிட்டு, வந்த வழியே போய்விட்டார். பூட்டாத கதவில் நன்மை ஒன்று உண்டு என்பதை நான் அன்றுதான் ஒத்துக்கொண்டேன். தங்கச்சியிடம் சொல்லவில்லை, தலையில் ஏறிவிடுவாள்.

முகம் கழுவிவிட்டு வந்து, அவள் புதுப் பையிலிருந்த கடதாசிகளை எல்லாம் வெளியே எடுத்தாள். பாஸ்போர்ட்டுகளைக்கூட அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே திடீரென்று ஏதும் தேவைப்பட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"நீ கொண்டு வருவாய்தானே," என்றாள்.

பை நல்ல பை, வீணாக்கக் கூடாது என்று சொல்லி, வழிக்குக் கட்டிய சாப்பாட்டுப் பெட்டிகளை அதற்குள் அடுக்கினாள். பரமட்டாக் கடையில் நான் இழுத்து இழுத்துச் சோதித்த பை, கடைசியில் புளிச்சோறும் கட்லட்டும் சுமந்துகொண்டு மெல்பேர்னுக்குப் போயிற்று. அவளுடைய கடதாசிகளை நான் திரும்பவும் டூங்கபிக்குக் கொண்டுவந்தேன். கணவர் பையை வழக்கமான இடத்தில் வைக்கும்போது தூக்கிப் பார்த்து, பாரம் சரியாகிவிட்டது என்று தலையாட்டினார்.

அடுத்த தவணையில் சமோவாவும் தொங்காவும் வழக்கம்போல வந்தன. காரணங்களை வெண்பலகையில் எழுதிவிட்டு, இந்தமுறை அடியில் கொஞ்சம் வெற்றிடம் விட்டேன். ஒரு நாடு ஏன் படை வைக்கவில்லை என்று தெரிய வேண்டுமென்றால், அந்த நாட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் விளங்காது, அது யாருடைய கையைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள் என்றேன். படை வைத்திருக்கிற நாட்டுக்கும் அதைத்தான் சொன்னேன். தன்னை மட்டும் காப்பதாக அது நினைத்துக்கொண்டிருக்கலாம், அதை நம்பி யார் யார் கதவைத் திறந்துவைத்துத் தூங்குகிறார்கள் என்று அதற்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு பிள்ளை இது பரீட்சைக்கு வருமா என்று கேட்டான். வராது என்றேன். பேனையைக் கீழே வைத்துவிட்டான். சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்று சொன்ன அந்தச் சமோவாப் பிள்ளை படிப்பை முடித்துப் போய்விட்டிருந்தாள். இருந்திருந்தால் முழுப் புள்ளியும் போட்டிருப்பேன்.

போன பள்ளிக்கூட விடுமுறைக்குச் சற்று முன்னர் தங்கச்சி போன் எடுத்தாள். மூத்த பிள்ளையைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்களாம். என் கணவர் பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, "ஸ்கேன் பண்ணி அனுப்பினாப் போதுமே" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு தானாகவே கணினியைத் திறந்து எனக்கு விமான டிக்கெட் பார்க்கத் தொடங்கினார்.

ஒரு உறையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். நான் பையையே கொண்டு போனேன். சிட்னி விமான நிலையத்துச் சோதனையில் பையைத் திறக்கச் சொன்னார்கள். அந்தப் பெண் பாஸ்போர்ட்டுகளையும் சான்றிதழ்களையும் நகையையும் டோர்ச் லைட்டையும் பிஸ்கட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, நிரந்தரமாகப் போகிறீர்களா என்று கேட்டாள். தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

மெல்பேர்னில் குளிர். வெளியே வந்தபோது அவள் தடித்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு, சனத்துக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் குண்டாகியிருந்தாள், சொன்னேன். நானும் கிழவியாகிவிட்டதாகச் சொன்னாள். புது வீட்டுக் கதவைப் பூட்டுகிறாயா என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அன்ரி பூட்டிவிடுவார், சாவி அவரிடம்தான் இருக்கிறது என்றாள்.

கார் நிறுத்துமிடம் தூரம். பை பாரமாக இருக்கிறது, கொஞ்சம் தா என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. என் பக்கத்தில் வந்து, பிள்ளைகளைப் பற்றியும் மழையைப் பற்றியும் ஏதேதோ சொல்லிக்கொண்டே, என் தோளில் தொங்கிய பையின் வாரைப் பிடித்தாள். பிடித்தபடியே நடந்தாள். வயது நாற்பதை நெருங்குகிற மனுஷி. எங்களைக் கடந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வார் தோளில் இழுத்தது. கையை எடு என்று நான் சொல்லவில்லை.